பழைய விளையாட்டில் புது ஆள்

இருபது வருஷமாக நடந்துகொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் இன்றைக்குப் போய்ப் புதிதாகச் சேரலாமா? எழுபத்து நாலு வயதுக்காரன் கேட்கிற கேள்வியா இது என்று சிரிக்காதீர்கள். ஆறு மாதம் விளையாடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்தியா கைக்கு வந்தாலும், சட்டப்படி சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அப்போது விருப்பப்பட்டவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று வாய்ப்புக் கொடுத்தார்கள். அத்தான் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் கையெழுத்துப் போட்டார், அக்காவும் அவரோடு போனாள். நான் இங்கே பிரெஞ்சு மீடியத்தில் படித்து முடித்து, அரசாங்கத்தில் கிளார்க்காகி, ஓய்வும் பெற்று, இப்போது ஆசிரியையாக இருக்கும் மகளோடு இந்தச் சேரங்கோட்டில் மழையையும் தேயிலையையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். அவள் போன பிறகு பொங்கலுக்கு ஒன்று, நோயலுக்கு ஒன்று. அவள் மகனுக்குத் தமிழ் தட்டுத் தடுமாறி வரும். பேரனுக்குச் சுத்தமாக வராது. பாரிஸுக்கு வடக்கே சார்செல் என்ற ஊரில் இருக்கிறான், பதினாறு வயது. எனக்குப் பிரெஞ்சு வரும், ஆனால் ஐம்பது வருஷமாகப் பரணில் கிடந்த பாத்திரம் மாதிரி. போனில் பேசினால் அவன் "சவா, தொந்தோன்?" என்பான், நான் "சவா" என்பேன். அவ்வளவுதான், அடுத்து என்ன பேசுவது என்று இரண்டு பக்கமும் தெரியாது. போன வருஷம் அவன்தான் சொன்னான்: "தோஃபுஸில் ஒரு ஆளை உருவாக்குங்கள், அங்கே பேசலாம்."

தெரியாதவர்களுக்கு: தோஃபுஸ் என்பது இன்டர்நெட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஒரே உலகத்துக்குள் நடமாடும் விளையாட்டு. நமக்கென்று ஒரு பாத்திரம். அது சண்டை போடும், தொழில் செய்யும், பொருள் விற்கும், மற்ற பாத்திரங்களோடு எழுத்தில் பேசும். நாம் கணினியை அணைத்துவிட்டுத் தூங்கினாலும் அந்த உலகம் ஓடிக்கொண்டே இருக்கும். பிரான்சின் வடக்கே ரூபே நகரத்தில் இருக்கும் அங்காமா என்ற கம்பெனி 2004-இல் இதை வெளியிட்டது. ஆந்தொனி, கமீய், மனு என்று மூன்று நண்பர்களின் பெயர்களிலிருந்து ஒவ்வொரு துண்டு எடுத்து வைத்த பெயர் அது.

ரூபே என்றதும் எனக்கு ஒரு ஈர்ப்பு. அது ஜவுளி ஆலைகளின் ஊர். ஆலைகள் மூடிய பிறகு காலியாக நின்ற பழைய ஆலைக் கட்டடம் ஒன்றில்தான் இந்த விளையாட்டுக் கம்பெனி குடியேறியது. எங்கள் புதுச்சேரியில் ரோடியர் மில் என்று வழங்கிய ஏ.எஃப்.டி. ஆலை 1898-இல் தொடங்கி 2020-இல் நிரந்தரமாக மூடப்பட்டது. அதன் சங்கு ஊதினால் வீட்டில் கடிகாரம் திருத்துவோம். அந்தக் கட்டடங்களுக்கும் யாராவது இப்படி ஒரு வழி கண்டுபிடித்தால் தேவலை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உள்ளே நுழைந்ததும் எந்தக் குலத்தில் பிறக்க வேண்டும் என்று தேர்வு செய்யச் சொல்கிறது. ஃபேகா, க்ரா, எனிரிப்ஸா, க்ஸேலோர் என்று வாயில் நுழையாத பெயர்கள். ஏதோ புராணம் போலிருக்கிறது என்று நினைத்தேன். நாலைந்து பெயரைப் பேப்பரில் பிரெஞ்சு எழுத்தில் எழுதிப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஃபேகாவைத் திருப்பிப் போட்டால் காஃபே. க்ராவைத் திருப்பினால் ஆர்க், அதாவது வில். அந்தக் குலம் வில்லாளிகள். வைத்தியம் பார்க்கும் எனிரிப்ஸாவைப் பின்னாலிருந்து படித்தால் ஆஸ்பிரின். காலத்தைக் கட்டுப்படுத்தும் க்ஸேலோர் நம்ம ரோலெக்ஸ் வாட்ச். டிக்டேஷனில் ஒரு எழுத்து விட்டாலும் முட்டியில் வாங்கின தலைமுறைக்கு இதைவிடச் சந்தோஷம் உண்டா? எனுத்ரோஃப் என்றொரு குலம். திருப்பினால் ஃபோர்த்யூன், செல்வம். தாடி வைத்த கிழவர்கள், கையில் மண்வெட்டி, புதையல் தேடுவது தொழில். பென்ஷன்காரனுக்கு வேறு குலம் எதற்கு? அதிலேயே பிறந்தேன்.

இனி, சேரக்கூடாது என்பவர்கள் கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

முதலாவது, முன்னால் போனவர்களைப் பிடிக்கவே முடியாது. முதல் படியில் தொடங்கி இருநூறாம் படிவரை ஏற வேண்டும். அதற்கு மேலும் படி வைத்திருக்கிறார்கள். பதினைந்து, இருபது வருஷம் ஆடியவர்களிடம் பணம், ஆயுதம், வீடு எல்லாம் இருக்கும். போதாக்குறைக்கு, ஒரே ஆசாமி நாலு கணக்கு, எட்டுக் கணக்கு வைத்துக்கொண்டு, எட்டுப் பாத்திரத்தையும் தானே நடத்திப் படையாக வருவான். ஒற்றை ஆளாக நிற்கும் புதுசு என்ன செய்யும்? இதற்காகவே ஒருவருக்கு ஒரே பாத்திரம் மட்டும் அனுமதிக்கும் சர்வர்களைத் தனியாக வைத்திருக்கிறார்கள். 2024 டிசம்பரில் விளையாட்டை அடியோடு புதுப்பித்து மூன்றாவது வடிவம் என்று விட்டபோது, எல்லோரும் முதல் படியிலிருந்தே தொடங்கும் புது சர்வர்களையும் திறந்தார்கள். புதிதாக வருகிறவர்கள் அப்படிப்பட்ட இடத்தைத் தேடிச் சேர்வது உத்தமம். பேரன் என்னை ஒற்றைப் பாத்திர சர்வரில்தான் சேர்த்தான்.

இரண்டாவது, காசு. தொடக்கத்தில் இன்கர்னாம் என்ற இடமும் அஸ்த்ருப் என்ற ஊரும் இலவசம். அதைத் தாண்டிப் போக மாதச் சந்தா. யூரோவில் சின்னத் தொகைதான், ரூபாயில் மாற்றினால் நம் கை கொஞ்சம் தயங்கும். இலவசப் பகுதியே இரண்டு மூன்று மாதம் தாங்கும். அதற்குள் பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். முதல் நாளே கார்டு நம்பரைக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவதுதான் கனமானது. ஒருநாள் கம்பெனி மூடிவிட்டால்? நாம் சேர்த்த செல்வம், நட்பு, வீடு எல்லாம் ஒரு பொத்தானில் போய்விடும். ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் என்ற பெரிய விளையாட்டை 2011 டிசம்பர் 15-இல் அப்படித்தான் அணைத்தார்கள். இருபது வயதான விளையாட்டுக்கு எத்தனை ஆயுசு என்று யார் சொல்வது? எனக்கு எத்தனை என்பதும் அதே கணக்குத்தான், அதனால் இந்த வாதம் என்னை அதிகம் பயமுறுத்தவில்லை.

முதல் வாதத்துக்கு என் ஆபீஸ் அனுபவத்திலிருந்து பதில் உண்டு. நான் வேலையில் சேர்ந்த அன்றைக்கு சீனியாரிட்டி லிஸ்டில் என் பெயர் கடைசி. எனக்கு மேலே இருபது, இருபத்தைந்து வருஷ சர்வீஸ் உள்ளவர்கள். அவர்களைப் பிடிக்க முடியாது என்று யாராவது வேலையை வேண்டாம் என்று சொன்னோமா? தபால் பதிவேட்டில் எண் போடுவதிலிருந்து ஆரம்பித்தோம். அந்த வேலையை சீனியர்கள் செய்யமாட்டார்கள். ஆனால் யாராவது செய்யாவிட்டால் ஆபீஸ் நடக்காது.

தோஃபுஸிலும் அதே கதை. புது ஆள் முதலில் கோதுமை அறுப்பான், விறகு வெட்டுவான், மீன் பிடிப்பான். அறுத்ததைச் சந்தையில் பத்து, நூறு என்று கட்டுக் கட்டாக வைப்பான். அங்கே பணத்துக்கு காமா என்று பெயர். பெரிய படியில் இருப்பவர்களுக்கும் பண்டம் செய்ய இந்தச் சரக்கு வேண்டும், ஆனால் வயலில் நின்று அறுக்கப் பொறுமை கிடையாது, வாங்கிக்கொள்வார்கள். நான் வைத்த முதல் நூறு கோதுமை இரவு சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் விற்றிருந்தது. முதல் சம்பளம் வாங்கின மாதிரி மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அரிசி வாங்க முடியுமாப்பா அதை வச்சு?" என்று கேட்டாள்.

சேரங்கோட்டில் உட்கார்ந்துகொண்டு புது ஆள் வரலாமா என்று கேட்பதும் வேடிக்கைதான். 1964 சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காகவே இங்கே காட்டை வெட்டி அரசாங்கம் தேயிலை போட்டது. டான்டீ அப்படி வந்ததுதான். அவர்களுக்கு முன்னே வயநாட்டுப் பக்கமிருந்து வந்தவர்கள், எல்லோருக்கும் முன்னே பணியரும் குறும்பரும். வந்தவர்கள் எல்லோரும் ஒருநாள் புதுசுதான். நான் இன்னும் புதுசு, டீக்கடையில் "பாண்டிக்காரர்" என்றே சொல்கிறார்கள்.

வயதானவர்களுக்கு இந்த விளையாட்டு ஒத்துவருமா என்றால், இது ஒத்துவரும். பொழுதுக்கும் சுட்டுத் தள்ளும் வகை இல்லை. சதுரங்கம், ஆடுபுலி ஆட்டம் மாதிரி முறை வைத்து ஆடுவது. நம் முறை வரும்போது ஆறு செயல் புள்ளி, மூன்று நடைப் புள்ளி கையில் இருக்கும். எங்கே நகர்வது, யாரை அடிப்பது என்று கொஞ்சம் யோசிக்கலாம். கை நடுங்கினால் பரவாயில்லை. தேவாலா மழைக்குப் பக்கத்து ஊரான எங்களுக்குக் கரண்டும் நெட்டும் போவது சகஜம். சண்டை நடுவில் நெட் போனாலும் சில சுற்றுகள் காத்திருக்கும், திரும்பி வந்து சேரலாம். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் யானைக்குப் பயந்து வெளியே கால் வைக்க முடியாத ஊரில் வேறு எங்கே போவது? அவன் பள்ளிக்கூடம் விட்டு ஐந்து மணிக்கு வந்தால் இங்கே கோடையில் எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. ஒரு மணி நேரம், அதற்குமேல் கிடையாது என்று மகள் போட்ட சட்டம்.

"பொம்மைகளை வைத்துப் பேசுவது பேச்சா?" என்றும் அவள் கேட்டாள். நார்வேயில் மட்ஸ் ஸ்டீன் என்ற பையனைப் பற்றி அவளிடம் சொன்னேன். தசைகள் சிறிது சிறிதாகச் செயலிழக்கும் நோய். சக்கர நாற்காலியில் இருந்தபடி வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இதே மாதிரி விளையாட்டில் வருஷக்கணக்காக ஆடினான். 2014-இல் இருபத்தைந்தாவது வயதில் இறந்துபோனான். பிள்ளை நண்பர்களே இல்லாமல் தனிமையில் போய்விட்டான் என்று பெற்றோர் அழுதுகொண்டிருந்தபோது, முன்பின் தெரியாதவர்களிடமிருந்து கடிதம் கடிதமாக வந்ததாம். எங்கள் கஷ்டத்தில் அவன்தான் பேசினான், அவன்தான் தேற்றினான் என்று. சிலர் வேறு நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். 2024-இல் அதை ஆவணப் படமாகவும் எடுத்திருக்கிறார்கள். மகள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் படத்தை மட்டும் தேடிப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் பையன், "தாத்தா, நானும் சேரட்டுமா?" என்று கேட்டான். ஆங்கிலத்திலும் அந்த விளையாட்டு இருக்கிறது, மொழி தடையில்லை. வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவனுக்கு உள்ளே தெரிந்தவர் யாரும் இல்லை. எல்லோரையும் முந்த வேண்டும் என்கிற ஆசை மட்டும் இருக்கிறது. இரண்டு வருஷத்தில் பரீட்சை வேறு. முந்துவதற்காகச் சேர்பவனை இந்த மாதிரி விளையாட்டுகள் ராத்திரி இரண்டு மணிவரை உட்காரவைக்கும். உள்ளே கைப்பிடித்து நடத்த ஒருவர் இருந்து, முந்த வேண்டிய அவசியம் இல்லாதவர் சேரலாம். நம் வயதில் இரண்டாவது தகுதி தானாகவே வந்துவிடுகிறது. முதலாவதற்குப் பேரன் பேத்திகளைக் கேட்டுப் பாருங்கள். இந்த விளையாட்டே ஆக வேண்டும் என்பதில்லை, அவர்கள் எதற்குள் இருக்கிறார்களோ அது.

பேரனோடு பேச்சு முதலில் எப்படி இருந்தது தெரியுமா? அவன் எழுதுவது முழுப் பிரெஞ்சே இல்லை. "எம்.டி.ஆர்." என்று எழுதினான். எனக்கு ரவா இட்லி மிக்ஸ்தான் ஞாபகம் வந்தது. 'சிரித்துச் செத்தேன்' என்பதன் சுருக்கமாம். நான் எழுதுகிற இலக்கணப் பிரெஞ்சைப் பார்த்து அவன் நண்பர்கள், இவர் யார் அமைச்சரா என்று கேட்டார்களாம். இருவரும் வயலில் கோதுமை அறுத்துக்கொண்டிருப்போம். வேலை செய்துகொண்டே பேசினால் மௌனம் உறுத்துவதில்லை. போனில் ஆறு வருஷத்தில் கேட்காததை அங்கே கேட்டான்.

ஒருநாள் கேட்டான்: "மெமே வைத்த ஜாடி ஒன்று சமையலறையில் இருக்கிறது. கறுப்பு உருண்டை. திறந்தால் வீடெல்லாம் அவள் வாசனை. நாலே நாலுதான் பாக்கி, அப்பா யாரையும் தொட விடுவதில்லை. அது என்ன?"

வடகம். பிரான்சில் வதுவான் என்று பொடியாக்கிக் கடையில் விற்பதும் இதன் வழியில் வந்ததுதான், ஆனால் அக்கா கை உருண்டை வேறு. சித்திரை வெயிலில் மாடியில் முறம் முறமாகக் காயவைப்பாள், காக்கா விரட்டுவது என் வேலை. சின்ன வெங்காயம், பூண்டு தட்டி, கடுகு, சீரகம், வெந்தயம், உளுந்து, மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டுப் பிசைந்து உருட்டுவது, பகலில் வெயில், ராத்திரி மூடிவைத்து மறுநாள் திரும்பப் பிசைந்து திரும்பவும் வெயில் என்று எழுதினேன். விளக்கெண்ணெய்க்குப் பிரெஞ்சில் என்ன என்று எனக்கு வரவில்லை, அகராதி பார்த்துச் சொன்னேன். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு கோதுமைகூட அறுக்கவில்லை.

இங்கே ஜூன் பிறந்தால் வடகம் காயாது. சார்செலில் ஜூலையில்தான் நல்ல வெயிலாம். பால்கனியில் போடப்போகிறான், காக்கா வருமா என்று கேட்டிருக்கிறான். புறா வரும் என்று சொல்லியிருக்கிறேன். என் எனுத்ரோஃப் இப்போது நாற்பத்து மூன்றாம் படியில் இருக்கிறான்.