நிரந்தரம் என்கிற சொல்

அத்தையிடம் நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றி எழுதவேண்டும். சொன்ன என்பதுகூடச் சரியில்லை. அவள் தவறாகப் புரிந்துகொண்டதை நான் திருத்தவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவள் போய்ச் சில வருஷங்களான பின்னும் அது என்னை விடுவதாக இல்லை.

2018 மே 9ஆம் தேதி மலேசியாவில் பொதுத்தேர்தல். 61 வருஷம் மாறாதிருந்த ஆட்சி அன்றிரவு மாறப்போகிறது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. நான் சிங்கப்பூரில் ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கடற்பாலத்தைக் கடந்து ஜொகூர் பாருவுக்குப் போயிருந்தேன். அத்தையின் பிள்ளைகள் மூவரும் பக்கத்துப் பள்ளிக்கூடத்திற்கு ஓட்டுப்போடக் கிளம்பினார்கள். அத்தையும் புடவை மாற்றிக்கொண்டு கூடவே வந்தாள். அவளுக்கு ஓட்டுக் கிடையாது. 1949இல் ஆறு வயதில் தாயோடு கப்பலில் வந்து இறங்கியவள், குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பது வருஷம் கித்தா மரத்தில் பால் வெட்டியவள், கையில் வைத்திருந்தது சிவப்பு ஐ.சி. மலேசியாவில் குடிமக்களுக்கு நீல அட்டை, நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு.

பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அத்தையும் நானும் வெளியே மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். மையிட்ட விரலோடு வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: "மருமவனே, ஒன் ஐ.சி.யைக் காட்டு, பாப்பம்." பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். "நீலம்! ஒனக்குக் கெடச்சிருச்சா? சொல்லவே இல்லியே!" என்றாள். அட்டையைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டு திருப்பித் தந்தாள்.

சிங்கப்பூரில் நிறங்கள் தலைகீழ். அங்கே குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு, நிரந்தரவாசிகளுக்கு நீலம். என் நீலம் அவளுடைய சிவப்பேதான். இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். நான் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. அவள் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை என்று அப்போது எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்: "ஏன், ஒனக்கும் தரமாட்டேங்குறானா?" அதற்கு என் பதில், நான் கேட்கவே இல்லை என்பது.

பதினெட்டு வருஷமாக நிரந்தரவாசியாக இருந்துகொண்டு நான் கேட்கவில்லை. அவள் மூன்று முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் காரணம் எழுதாத கடிதத்தோடு திரும்பியவள். அந்த மரத்தடியில் எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த தூரம் இதுதான்.

இந்தச் சிவப்பு அட்டைக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு முன்கதை உண்டு. மலாயா 1957இல் சுதந்திரமடைந்ததை ஒட்டி, நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் குடிமக்களாகப் பதிந்துகொள்ள வழியிருந்தது. தாத்தா பதியவில்லை. அறியாமை என்று பின்னால் எல்லோரும் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஊருக்குத் திரும்பிவிடப் போகிறோம் என்கிற நினைப்பில் தோட்ட லயத்தில் முப்பது வருஷம் இருப்பதென்பது அறியாமை அல்ல, ஒருவகை விசுவாசம். 1969 மே கலவரத்திற்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யவே அனுமதிச்சீட்டு வேண்டும் என்ற விதி இறுகியது. பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள். தாத்தா என் அப்பாவை அழைத்துக்கொண்டு 1970இல் ரஜூலாவில் நாகப்பட்டினம் வந்து இறங்கினார். அத்தைக்கு அதற்குள் கல்யாணம் ஆகிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவள் தங்கிவிட்டாள். அப்பாவின் சிவப்பு அட்டை எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பிறப்புச் சான்றிதழுக்கும் சாவிக்கொத்துக்கும் நடுவே வெகுகாலம் கிடந்தது. சின்ன வயதில் அதை வைத்து நான் கண்டக்டர் விளையாட்டு விளையாடியிருக்கிறேன்.

நிரந்தரவாசி என்ற சொல்லை யார் உண்டாக்கினார்கள் என்று தெரியவில்லை. உண்டாக்கியவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கவேண்டும். சிங்கப்பூரில் என் நிரந்தரத்திற்கு மறுநுழைவு அனுமதி என்று ஒரு தாள் உண்டு. வழக்கமாக ஐந்து வருஷத்திற்குத் தருகிறார்கள். அது காலாவதியான நிலையில் வெளிநாட்டில் இருந்துவிட்டால் நிரந்தரம் போய்விடக்கூடும். எங்கும் நகராமல் இருக்கும்வரைதான் நான் நிரந்தரம். வேலை செய்யலாம், வீடு வாங்கலாம், வரி கட்டவேண்டும், சேமநிதி பிடிப்பார்கள். என் அட்டையின் பலத்தில் நிரந்தரவாசியான என் மகன் பதினெட்டு வயதில் துப்பாக்கி தூக்கி இரண்டு வருஷம் தேசிய சேவை செய்யவேண்டும், செய்தான். ஓட்டு மட்டும் கிடையாது. குடிமகனாகிவிட்டால் ஓட்டுப்போடாமல் இருக்க முடியாது. அங்கே அது கட்டாயம். இந்த இரண்டுக்கும் இடையே சலுகை வித்தியாசங்கள் பல உண்டு, பள்ளிக்கட்டணம், மருத்துவம் என்று. அவற்றை விட்டுவிடுகிறேன். முக்கியமான வித்தியாசம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நிரந்தரவாசியை ஒருநாள் போ என்று சொல்லலாம். அங்கேயே பிறந்த குடிமகனை அப்படிச் சொல்ல முடியாது.

தமிழில் குடி என்ற சொல் தாராளமானது. குடித்தனம், குடியிருப்பு, குடியானவன், குடிக்கூலி. வாடகை கொடுத்து இருப்பவனும் குடிதான். தெற்கே சில ஊர்களில் குடிமகன் என்றால் நாவிதர். எல்லா வீட்டுக்கும் போகவேண்டியவர், எந்த வீட்டுத் திண்ணையிலும் உட்கார முடியாதவர். இந்தப் பழைய அர்த்தம் நிரந்தரவாசிக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. மலாயில் குடிமகனுக்கு வர்கநெகாரா என்று பெயர். நம் காதில் வர்க்கம், நகரம் இரண்டும் கேட்கும். இரண்டுமே சம்ஸ்கிருதத்திலிருந்து போனவைதான். அத்தைக்கு மலாய் நன்றாக வரும். அந்தச் சொல்லைப் பற்றி அவளிடம் ஒருமுறை விளக்கினேன். "நம்ம ஊருலேருந்து சொல்லு வந்திருச்சு, எனக்குத்தான் குடுக்கமாட்டேங்குறான்" என்றாள்.

என் தயக்கத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூர்க் குடிமகனாகவேண்டுமானால் இந்தியக் குடியுரிமையைத் துறக்கவேண்டும். இந்தியாவும் இரட்டைக் குடியுரிமையை ஒப்புக்கொள்வதில்லை. அதற்குப் பதிலாக வருகிற ஓ.சி.ஐ. அட்டைக்குக் குடியுரிமை என்று பெயர் இருக்கிறதே தவிர, ஓட்டில்லை. பெயர் சூட்டுவதில் எல்லா அரசாங்கங்களும் ஒன்றுதான் போலிருக்கிறது. இதையெல்லாம் தாய்நாட்டுப் பற்று என்று எழுதிவிட முடியும். நம்மில் வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்களின் கவிதைகளில் வேப்பமரமும் வாசல் கோலமும் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு விண்ணப்பப் படிவம் வந்ததாக எனக்கு நினைவில்லை. நானும் அந்த வேப்பமரத்தை எழுதியவன்தான். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்கள் வாக்காளராகப் பதிந்துகொள்ள 2010இல் சட்டம் திருத்தப்பட்டபோது நான் பதியவில்லை. பதிந்தாலும் ஊருக்கு நேரில் போய்த்தான் போடவேண்டும். போகிற ஆளா நான்? ஆக, இரண்டு நாட்டிலும் ஓட்டுப்போடாதவன். ஒன்றில் எனக்கு உரிமையில்லை, மற்றதில் அக்கறையில்லை. தாத்தாவுக்கிருந்த விசுவாசம் என்று இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. எந்தக் கதவையும் சாத்தாமல் வைத்திருப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அந்தச் சௌகரியத்தைத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

மகன் அப்படி இல்லை. ராணுவச் சேவை முடிந்ததும் விண்ணப்பித்தான், கிடைத்தது, உறுதிமொழி எடுத்தான். அவனுடைய இந்திய பாஸ்போர்ட் ரத்து முத்திரையோடு திரும்பி வந்தது. "ரெண்டு வருஷம் மழையில சேத்துல புரண்டிருக்கேன்பா, இதுக்கு மேல என்ன யோசிக்கணும்?" என்றான். எனக்குப் பதில் இல்லை.

2018இல் புதிய அரசு வந்ததும், அறுபது வயதைத் தாண்டிய, மலாய் பேசத் தெரிந்த இந்திய வம்சாவளிச் சிவப்பு அட்டைக்காரர்களுக்குக் குடியுரிமை என்று அறிவிப்பு வந்தது. அத்தைக்கு எழுபத்தைந்து. நான்காவது முறையாகக் கைநாட்டு வைத்தாள். 2019இல், பதில் வருமுன்பே, தூக்கத்தில் போய்விட்டாள். இறப்பைப் பதியப் போனபோது அட்டையை ஒப்படைக்கச் சொன்னார்கள். மூத்தவன் கொடுத்துவிட்டு வந்தான். வந்து வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

அவளுடைய சிவப்பு அட்டை ஒன்றுக்கும் உதவவில்லை என்று சொல்லக்கூடாது. மூத்தவன் 1961இல் பிறந்தான். அப்போது அந்த மண்ணில் பிறந்ததே போதுமாக இருந்தது. 1962இல் சட்டம் மாறி, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்கவேண்டும் என்றானது. அதற்குப் பின் பிறந்த இரண்டு பேரும் அவளுடைய சிவப்பினால்தான் நீலமானார்கள். தனக்குக் கிடைக்காததை அவள் பெற்றுப்போட்டாள் என்றுதான் சொல்லவேண்டும். 2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை நிறைவேற்றிய அரசியல் சட்டத் திருத்தம், இனிமேல் பிறக்கப்போகிறவர்கள் விஷயத்தில் அந்த விதியிலிருந்து நிரந்தரவாசி என்ற சொல்லை எடுத்துவிட்டது. அதே திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்கள் குடியுரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்க வழிசெய்தது. அதற்காகப் பல வருஷம் போராடினார்கள், நல்ல காரியம். ஒரு கையால் கொடுத்ததைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். மற்றக் கை எடுத்ததைப் பற்றி மூத்தவன்தான் எனக்குத் தொலைபேசியில் சொன்னான். "அம்மா இருந்திருந்தா, நல்லவேளை நான் முன்னாடியே பெத்துட்டேன்னு சொல்லியிருக்கும்" என்று சிரித்தான்.

அன்றிரவு விண்ணப்பத்தை மறுபடி எடுத்தேன். இப்போதெல்லாம் தாளில்லை, கணினியில்தான். பெயர், பிறந்த ஊர், தந்தை பிறந்த ஊர். தந்தை பிறந்த ஊர் என்ற இடத்தில் ஜொகூர் என்று அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்சநேரம் எதுவும் அடிக்காமல் இருந்தால் கணினி நம்மை வெளியேற்றிவிடுகிறது. மறுபடி உள்ளே போய்ப் பெயரிலிருந்து தொடங்கினேன்.