ஸ்கேன் நார்மல்... ஆனாலும் தம்பிக்குக் கண் கூசியது!

2019, லார்ட்ஸ் டெஸ்ட். ஆர்ச்சர் வீசிய பவுன்சர் கழுத்தில் பட்டுச் சுருண்டு விழுந்தார் ஸ்டீவ் ஸ்மித். பரிசோதனைகளில் தேறி, அன்றே மறுபடி பேட்டிங்கும் செய்தார். மறுநாள் காலை தலைவலி, மந்தம். அவருக்குப் பதில் லபுஷேன் இறங்கினார். டெஸ்ட்டின் முதல் 'கன்கஷன்' மாற்று வீரர் அவர்தான்.

போன மாதம் எங்கள் வீட்டிலும் இதே கதை. டர்ஃபில் கேட்ச் பிடிக்கப்போய் தம்பிக்குப் பின்மண்டையில் அடி. மயக்கமில்லை, சி.டி. ஸ்கேனும் நார்மல். மறுநாள் டியூப்லைட் வெளிச்சத்துக்கே கண் கூசியது. "இன்னிக்கு என்ன கிழமைக்கா?" என்று மூன்று முறை கேட்டான். அம்மாதான் விடாமல் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போனார்.

"ரத்தக்கசிவு, எலும்பு முறிவுன்னா ஸ்கேன்ல தெரியும். மூளை குலுங்கினது தெரியாதும்மா" என்றார் டாக்டர். 2 நாள் ஓய்வு, மொபைல் கூடாது (வீட்டில் பெரிய போரே நடந்தது!). பிறகு நடை, பாடம், கடைசியில்தான் கிரிக்கெட். தலைவலி திரும்பினால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். முழுசா குணமாகும் முன் இன்னொரு அடி பட்டால் ஆபத்தாம்.

தொடர் வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம்... இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.