பின்னால் நின்றவரின் குரல்

இவ்வார வாசிப்பு: யாத்திராகமம் 4:10–16; அப்போஸ்தலர் 13:1–13; 1 கொரிந்தியர் 9:1–15



பாடகர் இருவரை ஒப்பிட்டுப் பேசுவதில் நம் மக்களுக்குத் தனி விருப்பம் உண்டு. கல்யாண வீட்டுப் பந்தலில் ஒலிபெருக்கி பாடத் தொடங்கினால் போதும்; இலை விரிக்கும் முன்பே வழக்கு தொடங்கிவிடும். இந்த வாரம் அப்படியொரு வழக்கை உங்கள்முன் வைக்கிறேன். திரைப்படப் பாடல்களைப் பற்றிப் போதகர் எழுதலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். அத்தேனே பட்டணத்தில் பவுல் பேசியபோது, அந்த ஊர் மக்கள் அறிந்திருந்த புலவர்களையே சாட்சிக்கு அழைத்தார். நாமும் நாம் அறிந்தவர்களிடமிருந்து தொடங்குவோம்.

எஸ்.பி.பாலசுப்பிரமணியம் சிறந்த பாடகரா, இளையராஜா சிறந்த பாடகரா? கேட்டவுடன் சிரிப்பீர்கள். இளையராஜா இசையமைப்பாளர் அல்லவா, பாட்டில் அவரை எஸ்.பி.பி.யோடு எப்படி ஒப்பிடுவது என்பீர்கள். ஆனால், இவ்விருவரும் முதலில் எந்த நிலையில் ஒரே மேடையில் நின்றார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எஸ்.பி.பி. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர். பொறியியல் படித்துக்கொண்டே பாடியவர். 1966இல் தெலுங்குத் திரையிலும் 1969இல் தமிழ்த் திரையிலும் அவர் குரல் ஒலித்தது. அந்நாள்களில் அவர் ஒரு மெல்லிசைக் குழுவை நடத்திவந்தார். பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்திருந்த சகோதரர் மூவர் அக்குழுவில் வாசித்தார்கள். பாஸ்கர் தாள வாத்தியம், கங்கை அமரன் கிட்டார், ராசையா கிட்டாரும் பின்னர் ஆர்மோனியமும். மேடையின் நடுவில் நின்றவர் எஸ்.பி.பி. அவருக்குப் பின்னால் கிட்டாருடன் நின்ற அந்த ராசையாதான் பிற்காலத்து இளையராஜா.

அவர் இப்படிப் பின்னால் நின்றது அதுவே முதல்முறையும் அன்று. அதற்கு முன் ஊர் ஊராகச் சென்று அரசியல் மேடைகளில் பாடிய தம் மூத்த அண்ணனுக்குத் துணையாக வாசித்தவர் அவர். அந்த அண்ணனின் பெயர் பாவலர் வரதராஜன். நம் ஊர்ப் பெயர் அதில் ஒலிப்பதைக் கேட்டு நம் பிள்ளைகள் மகிழலாம். ஆக, தமக்கென ஒரு பெயர் உண்டாகும் முன் இளையராஜா இரண்டு பெரிய குரல்களுக்குப் பின்னால் நின்று வாசித்திருக்கிறார்.

1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்தது. அப்படத்தில் எஸ்.பி.பி. பாடவில்லை. ஆனால், அடுத்து வந்த ஆண்டுகளில் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த பாடல்களை எண்ணி முடிப்பது எளிதன்று. இப்போது இடம் மாறிவிட்டது. முன்பு குழுவை நடத்தியவர் ஒலிவாங்கியின்முன் நின்று, தம் பழைய கிட்டார்க் கலைஞர் எழுதிக் கொடுத்த சுரங்களைக் கற்றுப் பாடினார். தலைவர் மாணவராக நின்றார். அதனால் அவர் குறைந்துபோனாரா? 1983ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் 'சாகர சங்கமம்' படத்துக்காக இளையராஜா சிறந்த இசையமைப்பாளர். அதே படத்துக்காக எஸ்.பி.பி. சிறந்த பாடகர். 1988ஆம் ஆண்டு விருதுகளில் 'ருத்ரவீணா' படத்துக்கும் அவ்வாறே நிகழ்ந்தது. ஒருவரின் உயர்வு மற்றவரின் உயர்வோடு பின்னிக் கிடந்தது.

இனிக் குரல்களுக்கு வருவோம். 1989இல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்தை நம் பகுதியில் அறியாதவர் இல்லை. அதில் 'மாங்குயிலே பூங்குயிலே' பாடலில் எஸ்.பி.பி.யின் குரலைக் கேட்கலாம். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் அந்தக் குரலுக்குச் சிரமமே இல்லை. பாடும்போது அவர் புன்னகைப்பது காதுக்குத் தெரியும். திரையில் வாயசைப்பவர் யாராயிருந்தாலும் அவருக்கேற்பத் தம் குரலின் சாயலை மாற்றிக்கொள்வார். சாஸ்திரிய முறையில் பயிலாதவர். ஆயினும் 'சங்கராபரணம்' படத்துக்குப் பாடித் தம் முதல் தேசிய விருதைப் பெற்றார்.

அதே 'கரகாட்டக்காரன்' படத்தில் 'பாட்டாலே புத்தி சொன்னார்' என்ற தொடக்கப் பாடலைப் பாடியவர் இளையராஜா. இக்குரலின் எல்லை சிறியது. சற்றே கரகரப்பு உண்டு. சுரங்களைச் சுற்றி அலங்காரம் செய்யாமல் நேராகச் சென்று தொடும். பயிற்சி பெற்ற பாடகர் மேடையேறுவதுபோல் இராது. திண்ணையில் அமர்ந்த ஒருவர் நமக்குக் கதை சொல்வதுபோல் இருக்கும். 'நாயகன்' படத்தில் 'தென்பாண்டிச் சீமையிலே' அவர் குரலில் ஒலிக்கும் இடங்களை நினைத்துப் பாருங்கள். அதைவிட வளமான குரல் அங்கே வந்திருந்தால் நாம் குரலை வியந்திருப்போம். தாயற்ற பிள்ளையின் துயரத்தைக் கேட்டிருப்போமா? 'அவதாரம்' படத்தில் பார்வையற்ற பெண்ணுக்கு நிறங்களை உணர்த்த வேண்டிய பாடலிலும் எஸ்.ஜானகியோடு பாடுபவர் இளையராஜாவே. அங்கே வேண்டியிருந்தது திறமையின் உச்சியன்று. கைபிடித்து அழைத்துச் செல்லும் ஒரு குரல்.

எனவே என் தீர்ப்பைக் கேட்டால், பாடகர் என்ற அளவில் எஸ்.பி.பி.யே பெரியவர். இதை இளையராஜாவின் அன்பர்களும் மறுக்கமாட்டார்கள். ஆனால், 'இவர் அவரைப்போல் பாடவில்லை' என்பது உண்மையாயிருந்தும், 'ஆகவே இவர் பாடக்கூடாது' என்பது அதிலிருந்து பிறப்பதில்லை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் நாம் பலமுறை கவனிப்பதில்லை.

வேதாகமத்துக்கு வாருங்கள். தாம் வாக்கு வல்லவர் அல்லர், திக்குவாயும் மந்த நாவும் உள்ளவர் என்று மோசே தேவனிடம் முறையிட்டார். தேவன் அதற்காகக் கோபங்கொண்டாலும், நன்றாய்ப் பேசக்கூடிய ஆரோனைத் துணையாகத் தந்தார். ஆரோன் மோசேக்கு வாயாக இருந்தார். ஆனால் செங்கடலைக் கடந்த பின் நடந்தது என்ன? யாத்திராகமம் 15ஆம் அதிகாரத்தின் முதல் வசனம், பாடியவர்களில் மோசேயின் பெயரையே முன்வைக்கிறது. தம் வாழ்நாளின் இறுதியிலும் அவர் ஒரு பாட்டை எழுதி, இஸ்ரவேல் புத்திரருக்குக் கற்பித்ததை உபாகமம் 31இல் வாசிக்கிறோம். நாவு மந்தமானவர் பாட்டோடு தம் ஊழியத்தை முடித்தார். ஆரோனின் நாவு வல்லமையானதுதான். எனினும் பாலைவனத்தைச் சுமந்து நடந்தவரின் வாயிலிருந்து வரவேண்டிய பாட்டு ஒன்று இருந்தது. அதை வேறொருவர் அவருக்காகப் பாடியிருக்க முடியாது.

இன்னொரு ஜோடியையும் பாருங்கள். எருசலேமில் எல்லாரும் சவுலுக்கு அஞ்சியபோது, அவரை அப்போஸ்தலரிடம் அழைத்துச் சென்றவர் பர்னபா. தர்சு பட்டணத்துக்குத் தேடிச் சென்று அவரை அந்தியோகியாவின் ஊழியத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அப்போஸ்தலர் 13ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் பர்னபாவின் பெயர் முதலாவது, சவுலின் பெயர் கடைசி. அதே அதிகாரத்தின் 13ஆம் வசனத்துக்கு வரும்போது பவுலின் பெயர் மட்டுமே நிற்கிறது. பர்னபா 'கூட இருந்தவர்களில்' ஒருவராகிவிட்டார். இந்த மாற்றத்துக்காகப் பர்னபா முறுமுறுத்ததாக வேதத்தில் ஓர் எழுத்தும் இல்லை. முன்னின்றவர் பின்னிற்பதற்கு, முன்னிற்பதைவிடப் பெரிய கிருபை வேண்டும்.

ஆனாலும் அவர்களுக்குள் பிணக்கு வரவில்லையா? வந்தது. மாற்குவைப் பற்றிய வாக்குவாதத்தில் இருவரும் பிரிந்து வெவ்வேறு திசைகளில் சென்றார்கள். வேதம் அதை மறைக்கவில்லை.

நம் இசைக் கலைஞர்களுக்குள்ளும் அது வந்தது. 2017 மார்ச்சில், தம் ஐம்பதாண்டு இசைப் பயணத்தையொட்டி எஸ்.பி.பி. அமெரிக்காவில் கச்சேரிகள் நடத்திக்கொண்டிருந்தபோது, அனுமதியின்றித் தம் பாடல்களை மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வழக்கறிஞர் அறிவிப்பு சென்றது. அக்கச்சேரிகளில் அப்பாடல்களைப் பாடப்போவதில்லை என்று எஸ்.பி.பி. வெளிப்படையாக அறிவித்தார். யார் பக்கம் நியாயம் என்று நாடே பேசியது. அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. படைத்தவருக்குத் தம் படைப்பின்மேல் உரிமை உண்டு, அது கேலிக்குரியதன்று. 1 கொரிந்தியர் 9ஆம் அதிகாரத்தில் உழைப்பவனின் உரிமையைப் பவுல் விரிவாக நிலைநாட்டுகிறார். திராட்சத் தோட்டம் போட்டவன் அதன் கனியைப் புசிப்பதை எடுத்துக்காட்டாகவும் சொல்கிறார். அதன்பின், சுவிசேஷத்தின் பொருட்டு அந்த உரிமையைத் தாம் செலுத்தாமல் விட்டதையும் சொல்கிறார். உரிமை இல்லையென்று அவர் சொல்லவில்லை. உரிமையைவிடப் பெரிதொன்றைக் கண்டார். அதே அதிகாரத்தில், பிரிந்துபோன பர்னபாவின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்தே எழுதுகிறார். இந்த ஆறாம் வசனத்தை நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம், நின்று வாசியுங்கள்.

2019 ஜூனில் சென்னையில் நடந்த இளையராஜாவின் பிறந்தநாள் இசைநிகழ்ச்சியில் இருவரும் மீண்டும் ஒரே மேடையில் நின்றார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எஸ்.பி.பி. கொரோனா தொற்றுடன் மருத்துவமனையில் இருந்தபோது, இளையராஜா ஒரு காணொளியில் அவரைப் பெயர் சொல்லி அழைத்து, எழுந்து வரும்படி கெஞ்சினார். தங்களுக்குள் சண்டை இருந்த நாளிலும் நட்பு இருந்தது என்றார். செப்டம்பர் 25 அன்று எஸ்.பி.பி. மறைந்தார். 2019இல் அந்த மேடை அமையாமல் போயிருந்தால், அந்தக் காணொளி எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. பிரியமானவர்களே, ஒப்புரவாவதற்கு நமக்குத் தரப்படும் காலத்தின் அளவு நம் கையில் இல்லை.

இதையெல்லாம் இந்த வாரம் எழுதக் காரணம் நம் சபையிலேயே உண்டு. நம் பாடற்குழுவை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்னின்று நடத்திய அண்ணன், மகனோடு வாழ வெளியூர் சென்றுவிட்டார். அவர் குரல் எழுந்தால் முந்திரித் தோப்பில் நிற்பவருக்கும் கேட்கும் என்று நாம் பெருமையாகச் சொல்வோம். அவருக்குப் பின்னால் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த தம்பி இப்போது பாட்டையும் முன்னின்று நடத்துகிறார். ஆராதனை முடிந்ததும் வாசலில் எழும் சொல் ஒன்றே: "அண்ணன் பாடுன மாதிரி வருமா?" சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சென்ற வாரம் அத்தம்பி என்னிடம் வந்து, "ஐயா, நான் கிட்டார் மட்டும் வாசிச்சுக்குறேன். பாட வேற யாரையாவது பாருங்க" என்றார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். இன்னும் அவர் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

அவருக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். தம்பி, உன் குரல் அண்ணன் குரல் அன்று. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். ஆனால் உன் தாய் நோயுற்றுக் கிடந்த மாதங்களில் நீ கற்றுக்கொண்ட ஜெபம் உன் பாட்டில் இருக்கிறது. அதை அண்ணன் பாட முடியாது. ஆரோன் இருக்கும்போதே மோசேயையும் பாடச் சொன்ன தேவன், உன்னிடம் கேட்பது உன்னுடையதை மட்டுமே.

சபையாருக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. ஒப்பிடுதல் பாவமன்று, செவி பகுத்துணரத்தான் படைக்கப்பட்டது. ஒப்பிட்டதை எங்கே, யாரிடம், எதற்காகச் சொல்கிறோம் என்பதில்தான் அன்பு சோதிக்கப்படுகிறது. அண்ணனைப் புகழ விரும்பினால் அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்புச் செய்யுங்கள். வெளியூரில் தனித்திருக்கும் அவருக்கு அது மருந்தாயிருக்கும். தம்பியின் குரல் போதவில்லையென்று தோன்றினால், வாய்திறந்து கூடப் பாடுங்கள். பாடற்குழுவின் குரல் சிறியதாயிருக்கும் ஆராதனையில் சபையின் குரல் பெரிதாக வேண்டும்.

முன்பு முதலிடத்தில் இருந்து இப்போது பின்வரிசையில் அமர்ந்திருப்பவர்களும் நம்மில் உண்டு. சங்கத் தலைவிகளாயிருந்தவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மகனிடம் கடையை ஒப்படைத்தவர்கள். உங்களுக்குப் பர்னபாவின் பெயரைத் தருகிறேன். அப்பெயருக்கு ஆறுதலின் மகன் என்று பொருள். உங்களுக்குப் பின் வந்தவர் தடுமாறும்போது முதலில் எழுந்து நிற்பவர் நீங்களாயிருங்கள்.

ஜெபிப்போம்.

எங்கள் நாவை உண்டாக்கின தேவனே, வல்ல குரலுக்காகவும் மெல்லிய குரலுக்காகவும் உம்மைத் துதிக்கிறோம். பின்னால் நிற்பவர் முன்னே வரும்போது அவருக்குத் துணிவையும், முன்னே நின்றவர் விலகும்போது அவருக்குச் சமாதானத்தையும் தாரும். பேசாமலிருக்கும் சகோதரர்கள் காலம் கடந்துபோகும் முன்பே ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கச் செய்யும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்,
வரதராஜன்பேட்டை