குசினி எந்தப் பக்கம் திறக்க வேண்டும்?



ஊரில் இப்போது எந்த வீட்டு ப்ளேனைப் பார்த்தாலும் "ஓப்பன் கிச்சன்"தான். ஹோல், சாப்பாட்டு மேசை, குசினி மூன்றும் ஒரே நீளத்தில், நடுவில் சுவர் இல்லாமல். எங்கள் தங்கச்சிக்கு வீடு கட்டத் தொடங்கியதிலிருந்து எங்கள் குடும்பத்திலும் இதே கதைதான். வீடு கட்ட இருப்பவர்களுக்கு உதவும் என்பதால், நாங்கள் கதைத்து முடிவெடுத்ததை இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் பக்கம் மகளுக்கு வீடு கொடுப்பது வழமை. அது சரியா பிழையா என்பது வேறொரு நாளைக்கான விடயம். ஆனால் ப்ளேன் கீறும்போது வாப்பா, மாப்பிள்ளை, மேசன், படம் வரைபவர் என நாலு ஆண்கள் கூடி எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள். அந்தக் குசினிக்குள் முப்பது நாற்பது வருடம் நிற்கப் போகிறவளிடம் டைல் என்ன நிறம் என்று மட்டும் கேட்பார்கள். எங்கள் வீட்டில் இந்த முறை தங்கச்சி ப்ளேனைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். கத்தாரில் இருக்கும் மாப்பிள்ளையும் வாட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்பினார். இருவருக்கும் ஓப்பன் கிச்சன்தான் விருப்பம்.

உம்மாவுக்கு விருப்பமில்லை. "வாற போற ஆம்புளைகளுக்கு முன்னால என்ட மக முக்காட்டப் போட்டுட்டு மீன் பொரிக்கணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் வீடுகளுக்கு மச்சான்மார், அவர்களின் கூட்டாளிமார், பள்ளிவாசல் ஆட்கள் என்று நேரம் காலம் இல்லாமல் வருவார்கள். ஹோலும் குசினியும் ஒன்றாக இருந்தால், வந்தவர் எழும்பிப் போகும் வரை வீட்டுப் பெண் தன் சொந்த வீட்டிலேயே இடைஞ்சலோடு நிற்க வேண்டும். இல்லையென்றால் வந்தவரை வாசலோடு அனுப்ப வேண்டும்.

தங்கச்சி சொன்னதும் பொய்யில்லை. "அந்தக் குசினிக்குள்ள உம்மா தனியக் கெடந்து வேகுறதப் பாத்துத்தானே நாங்க வளந்தம். பெருநாளைக்கு எல்லாரும் ஹோலுக்குள்ள சிரிச்சிட்டு இருப்பாங்க, உம்மா மட்டும் உள்ளுக்குள்ள." இதைக் கேட்டு வாப்பாவும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழுகைக்குப் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததை நாங்கள் எல்லோரும் பயானில் கேட்டிருக்கிறோம். ஆனால் நம்மில் எத்தனை ஆண்களுக்கு நம் குசினியில் உப்புப் போத்தல் எங்கே இருக்கிறது என்று தெரியும்? சுவரை எடுத்துவிட்டால் வேலை கண்ணுக்குத் தெரியும், தெரிந்தால் கை கொடுப்பார்கள் என்பது தங்கச்சியின் எண்ணம். கண்ணால் கண்டும் அசையாதவர்களையும் நாம் கண்டிருக்கிறோம் என்பது வேறு கதை.

இப்படி இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் நாங்கள் பழைய வீட்டை யோசித்துப் பார்த்தோம். உம்மும்மாவின் குசினி மூடியதா, திறந்ததா? எல்லோரும் மூடியது என்றுதான் நினைத்தோம். ஆனால் அது மூடியிருந்தது ஹோல் பக்கம் மட்டும்தான். பின்பக்கம் முழுக்கத் திறந்தே கிடந்தது. வளவு, கிணற்றடி, மாமரம், வேலியில் ஒரு கடப்பு. அந்தக் கடப்பு வழியாக மாமிமார், ராத்தாமார், பக்கத்து வீட்டுப் பெண்கள் வருவார்கள். நோன்புக் கஞ்சிக் கோப்பை போனதும் புளியாணம் வந்ததும் அதால்தான். ஒருத்தி தேங்காய் திருவ, ஒருத்தி மீன் வெட்ட, ஊர்க் கதை முழுக்க அங்கே நடக்கும். உம்மும்மா தனியாகச் சமைத்ததை நாங்கள் கண்டதே இல்லை.

பிறகு வளவு பங்கு பிரிந்தது. எங்கள் கரையோர ஊர்களில் காணி எவ்வளவு தட்டுப்பாடு என்பது உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தங்கச்சிக்குக் கிடைத்தது 6 பேர்ச், கிட்டத்தட்ட 1,630 சதுர அடி. வேலி போய் மதில் வந்தது. மதிலோடு கடப்பும் போனது. குசினிக்கு ஹோல் பக்கமும் சுவர், பின்பக்கமும் சுவர். உம்மா தனித்துப் போனது அப்போதுதான். அதனால் தங்கச்சி கேட்பது உண்மையில் புதுப் பாணி இல்லை, பழைய வீட்டில் இருந்த ஒன்றைத்தான் கேட்கிறாள். படங்களில் வரும் ஓப்பன் கிச்சன் அதை விருந்தாளி இருக்கும் பக்கமாகத் திறந்து கொடுக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனிப் புகை, காற்று, கேஸ். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நாம் கருவாடு பொரிக்கிற சனம். மிளகாய் வறுத்தால் அடுத்த வீட்டிலும் தும்முவார்கள். எங்கள் வீதி கிழக்கில், வீட்டின் பின்பக்கம் மேற்கில். கச்சான் காலத்தில் காற்று மேற்கும் தென்மேற்குமாக அடிக்கும். நடுவில் சுவர் இல்லாவிட்டால் தாளிக்கிற புகையும் எண்ணெயும் நேரே ஹோலுக்குள் வந்து கதிரைத் துணியிலும் திரைச்சீலையிலும் படியும். அடுப்புக்கு மேல் பூட்டும் ஹூட் இருக்கிறதே என்பார்கள். குழாய் வைத்து வெளியே விடாத ஹூட், காற்றை வடிகட்டித் திரும்ப வீட்டுக்குள்ளேயே விடும். வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

சமையல் கேஸ் காற்றை விடப் பாரமானது. கசிந்தால் நிலத்தோடு தேங்கும். மேலே ஜன்னல் இருந்தால் மட்டும் போதாது, நிலமட்டத்திலும் ஒரு துவாரம் வேண்டும். 2021 கடைசியில் நாட்டின் பல பகுதிகளில் கேஸ் வெடித்த செய்திகளை மறந்திருக்க மாட்டீர்கள். 2022இல் கேஸ் வரிசையில் நின்றதையும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் பென்ட்ரி கபட் போட்ட அழகான வீடுகளில் எல்லாம் போர்ட்டிகோவில் மூன்று கல்லை வைத்துத்தான் சோறாக்கினார்கள். அதற்கும் முன்பு, 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகள் பலவற்றில் விறகுப் புகை போக வழி இருக்கவில்லை. குடியேறிய சனம் பின்னால் ஒரு பத்தியை இறக்கி அடுப்பை அங்கே கொண்டு போனது. சமைக்கிறவர்களிடம் கேட்காமல் கட்டினால் இப்படித்தான், இரண்டாம் முறையும் கட்ட வேண்டிவரும்.

கடைசியில் நாங்கள் எடுத்த முடிவு இதுதான். ஹோலுக்கும் குசினிக்கும் இடையில் சுவரும் கதவும். ஆனால் குசினிக்கும் வீட்டு ஆட்கள் சாப்பிடும் இடத்துக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் மட்டும். பிள்ளைகள் பாடம் படிக்கப் போவதும் அந்த மேசையில்தான். விருந்தாளிக்கு மூடியது, வீட்டாருக்குத் திறந்தது. ஸஹருக்கு எழும்பிச் சமைக்கும்போது ஹோலில் படுத்திருப்பவர்களின் தூக்கமும் கெடாது. வடக்கிலும் மேற்கிலும் பெரிய ஜன்னல், நிலத்தோடு துவாரம், சிலிண்டர் வெளியே கிறில் பெட்டிக்குள். பின்னால் ஐந்து அடி விட்டு, தகரம் போட்டு, ஒரு அனகி அடுப்பும் மீன் வெட்ட ஒரு குந்தும். அந்த ஐந்து அடிக்காக ஹோல் சிறுத்துவிட்டது. வாப்பா முதலில் சம்மதிக்கவில்லை. வருடத்தில் சில நாள் வரும் கூட்டத்துக்காகத் தினமும் நிற்கிறவளின் இடத்தைக் குறைப்பதா என்று தங்கச்சி கேட்ட பிறகு சம்மதித்தார்.

உம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நடு மதில்ல ஒரு கதவ வெய்ங்க. மத்ததெல்லாம் உங்கட விருப்பம்."

மதிலில் இரண்டரை அடிக் கதவுக்கு இடம் விட்டுக் கல் வைத்தாயிற்று. உம்மாவின் குசினியிலிருந்து தங்கச்சியின் குசினிக்கு இனிப் பத்துப் பன்னிரண்டு எட்டுத்தான்.

வீடு கட்டுகிறவர்களே, எல்லோருக்கும் இதே ப்ளேன் பொருந்தாது. காணியும் வேறு, காற்றுத் திசையும் வேறு, வீட்டுக்கு வருகிற ஆட்களும் வேறு. திறந்ததா மூடியதா என்று கேட்பதற்கு முன்னால், யாருக்குத் திறந்தது, யாருக்கு மூடியது என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை முதலில் உங்கள் வீட்டுப் பெண்ணிடம் கேளுங்கள், டைல் நிறம் கேட்பதற்கு முன்பாகவே. உப்புப் போத்தல் எங்கே இருக்கிறது என்பதையும் அப்படியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் நம் எல்லோருடைய வீடுகளிலும் அடுப்படிகளிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.