மூச்சு வாங்கும் எஞ்சின்

நிபோங் திபால் என்றதும் பல்கலைக்கழக நண்பர்களுக்கு இரண்டு செய்திகள் நினைவுக்கு வரும். ஒன்று, பேராக் மாநிலத்துத் துரோனோவிலிருந்து 2001ஆம் ஆண்டு இங்கு இடம்பெயர்ந்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம். மற்றொன்று, கிரியான் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் இரவெல்லாம் மின்னும் மின்மினிகள். இவ்விரண்டுக்கும் அப்பால், அந்த ஆற்றையே நம்பிப் பிழைக்கும் படகுக்காரர்களும் இங்கே இருக்கிறார்கள். என் தாய்மாமா அவர்களுள் ஒருவர். பகலில் தூண்டில்காரர்களை முகத்துவாரத்திற்கு அழைத்துச் செல்வார். இரவில் மின்மினி பார்க்க வரும் குடும்பங்களை ஏற்றிக்கொள்வார்.

அவருடைய படகு கண்ணாடியிழைப் படகு. பின்பலகையில் 40 குதிரைச் சக்தி கொண்ட இரண்டு ஸ்டிரோக் எஞ்சின் தொங்குகிறது. நம் ஊர் மலாய் மீனவர்கள் இதனை ‘எஞ்சின் சங்குட்’, அதாவது மாட்டிவைக்கும் எஞ்சின் என்பார்கள். பெயரே அதன் அமைப்பைச் சொல்லிவிடுகிறது.

சென்ற பருவ விடுமுறையில் அந்த எஞ்சின் மாமாவின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. முழு வேகம் கொடுத்து அரை நிமிடம் ஆவதற்குள் சத்தம் தணியும், தானாகவே எழும்பும், மறுபடியும் தணியும். போதாததற்கு, முன்பு முகத்துவாரம் சென்று சேரும் நேரத்தில் இப்போது மூன்றில் இரண்டு பங்குத் தூரம்தான் கடக்க முடிந்தது. ஒரு பட்டறையில் காட்டியபோது, “எஞ்சின் பழசு, மாற்றிவிடுங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். புது எஞ்சினுக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி வேண்டும். படகையே விற்றுவிடலாமா என்று அத்தையிடம் மாமா பேசத் தொடங்கியிருந்தார்.

பணம் மட்டுமே கவலை என்று எண்ணிவிடக் கூடாது. நீர் வற்றும் நேரத்தில் முகத்துவாரத்தில் எஞ்சின் நின்றுபோனால், ஓட்டம் படகைக் கடலுக்கு இழுக்கும். இல்லையேல் சேற்றுத் திட்டில் ஏற்றிவிட்டு நீர் விலகிவிடும். படகில் இருப்பவர்களோ பிறர் வீட்டுப் பிள்ளைகள்.

“எஞ்சினுக்கு என்ன செய்கிறது மாமா?” என்று கேட்டேன். “மூச்சு வாங்குது மருமவனே. அதோட இழுக்கவும் மாட்டேங்குது” என்றார். கேட்ட எல்லாரும் இதனை ஒரே புகாராகத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவர் சொன்னவை இரண்டு வினைச்சொற்கள். மூச்சு வாங்குவது வேறு. இழுக்காமல் இருப்பது வேறு. இரண்டையும் தனித்தனியே பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

வேகம் தானாக ஏறி இறங்குவது பொறியியலில் பழைய சிக்கல். ஜேம்ஸ் வாட் 1788ஆம் ஆண்டு தமது நீராவி எஞ்சினில் வேகத்தைச் சீராக்கும் சுழல்குண்டுக் கருவியைப் பொருத்தினார். அத்தகைய கருவிகள் சில வேளைகளில் வேகத்தைச் சீராக்காமல் ஊசலாட வைப்பது ஏன் என்று ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1868ஆம் ஆண்டு கணிதத்தால் ஆராய்ந்தார். மாமாவின் எஞ்சினில் அப்படிப்பட்ட கருவி ஏதும் இல்லை. அங்கே ஊசலாட்டத்தை உண்டாக்குவது கார்புரேட்டரின் அடியில் உள்ள சிறு பெட்ரோல் கிண்ணம்.

நிதானமாக ஓடும்போது எஞ்சினுக்குச் சிறிதளவு பெட்ரோல் போதும். வரத்து குறைந்தாலும் கிண்ணம் நிறைந்தே இருக்கும். முழு வேகத்தில் செலவு வரத்தை மிஞ்சிவிடுகிறது. கிண்ணம் வற்ற, எஞ்சின் தளர்கிறது. தளர்ந்ததும் செலவு குறைகிறது. கிண்ணம் மீண்டும் நிறைகிறது. எஞ்சின் துள்ளி எழுகிறது. பசித்தவன் ஓடி, களைத்து, ஒரு வாய் சோறு கிடைத்ததும் மறுபடி ஓடுவதைப் போன்றதுதான் இது. இரண்டு ஸ்டிரோக் எஞ்சினில் இன்னோர் ஆபத்தும் உண்டு. எண்ணெய் பெட்ரோலிலேயே கலந்து வருவதால், பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் பிஸ்டன் சூடேறி இறுகிப்போகும்.

எனவே டாங்கியிலிருந்து தொடங்கினோம். மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருந்தது. வடிகட்டியில் தண்ணீர் இல்லை. அடுத்தது, குழாயின் நடுவே இருக்கும் ரப்பர் பந்து. மாமா முழு வேகத்தில் ஓட்ட, சத்தம் தணியும் நேரம் பார்த்து நான் பந்தை அமுக்கினேன். எஞ்சின் உடனே நிமிர்ந்தது. அப்படியானால் குறை எஞ்சினுக்குள் இல்லை. பெட்ரோல் வரும் வழியில் இருக்கிறது. பந்து சப்பையாக ஒட்டிக்கொண்டிருந்தால் டாங்கிப் பக்கம் அடைப்பு என்று கொள்ளலாம். இங்கே பந்து ஒட்டவில்லை. எவ்வளவு அமுக்கினாலும் கல்லைப்போல் இறுகவும் இல்லை. அது காற்று நுழைவதன் அடையாளம்.

ஆனால் குழாயில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லையே என்று மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். எஞ்சின் ஓடும்போது அதன் பம்பு பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பந்தைப் பலமாக அமுக்கிப் பிடித்தோம். இப்போது குழாய்க்குள் அழுத்தம். எஞ்சின் பக்கத்து இணைப்பில் முத்துப்போல் ஒரு துளி திரண்டது. உள்ளே இருந்த சின்ன ரப்பர் வளையம் வெடித்திருந்தது. சில வெள்ளிகளில் புதியது வாங்கிப் போட்டோம், மூச்சிரைப்பு நின்றது. மாமா சொன்னது உவமை அன்று. எஞ்சின் உண்மையாகவே மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது!

எனினும் படகு இழுக்கவில்லை. முதல் நோய் அடங்கிய பிறகுதான் இரண்டாவதை அளக்க முடிந்தது. ஸ்பார்க் பிளக் கம்பியில் சுற்றிவைக்கும் சிறிய சுழற்சிமானியை நண்பனிடம் இரவல் வாங்கினேன். வேகத்திற்குக் கைப்பேசியின் ஜிபிஎஸ் இருந்தது. முழு வேகத்தில் எஞ்சின் நிமிடத்திற்கு 5400 சுற்று. படகு மணிக்கு 24 கிலோமீட்டர். பற்சக்கர விகிதம் 2க்கு 1 ஆதலால் விசிறி 2700 முறை சுழல வேண்டும். விசிறியின் பிட்ச் 11 அங்குலம். அதாவது வழுக்கலே இல்லாவிட்டால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் முன்னேறும். கணக்குப்படி மணிக்கு 45 கிலோமீட்டர். தண்ணீர் திடப்பொருள் அன்று. இப்படிப்பட்ட படகில் 10 முதல் 20 விழுக்காடு வழுக்குவது இயல்பு. ஏறக்குறைய பாதி காணாமல் போவது இயல்பு அன்று. படகின் அடிப்பாகத்தில் சிப்பி ஒட்டியிருந்தால் சுமை கூடி எஞ்சினின் சுற்று குறைந்திருக்கும். இங்கே சுற்று தாராளமாக இருக்கிறது. அது தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை.

விசிறியின் நடுவில் ஒரு ரப்பர் புஷ் உண்டு. இறக்கை கட்டையில் மோதினால் பற்சக்கரம் உடையாதபடி அது வழுக்கிக் கொடுக்கும். அடிக்கடி மோதினால் பிறகு எப்போதுமே வழுக்கும். விசிறியின் நடுக்குழலிலும் வெளிப்பாகத்திலும் ஒரே நேர்க்கோடாக வெள்ளைச் சாயம் தடவி, முழு வேகத்தில் ஒரு சுற்றுப் போய் வந்தோம். திரும்பி வந்து பார்த்தபோது கோடு இரண்டாகப் பிரிந்து தள்ளித் தள்ளி நின்றது. புஷ்ஷை மாற்றிய பின் எஞ்சின் 5000 சுற்றில் நின்றது. படகு 35 கிலோமீட்டர் ஓடியது. சுற்று குறைந்து வேகம் கூடியதைக் கண்டு மாமா சிரித்தார்.

நான் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்து, இப்போது ஆங்கில நூல்களில் எஞ்சினைக் கற்பவன். மாமாவுக்குக் கையேட்டின் ஆங்கிலம் எட்டாது. இருந்தும் குறையின் இரண்டு முனைகளையும் நூலைத் திறக்காமலே சரியாகச் சொன்னவர் அவர்தான். என் படிப்பு அவற்றுக்கு அளவு கொடுத்தது, வரிசை கொடுத்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பொறுமையையும் கொடுத்தது.

தமிழில் அறிவியல் பேச முடியுமா என்று நம் மன்றங்களில் ஆண்டுதோறும் விவாதிக்கிறோம். கலைச்சொற்கள் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆற்றிலும் பட்டறையிலும் தோட்டத்திலும் உழைக்கும் நம் மக்கள் இயந்திரத்தைப் பற்றித் தமிழில் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மூச்சு வாங்குது, இழுக்கல, திணறுது, முனகுது, வழுக்குது என்று அவர்கள் சொல்வதில் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு கோளாறு. பொறியியல் பயிலும் தம்பி தங்கைகளே, எஞ்சின் மூடியைக் கழற்றும் முன்பு, அதை ஓட்டுகிறவரை ஐந்து நிமிடம் பேசவிடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.