பதினாலு கேள்விகள்

மறைந்துபோன ஒரு ஆய்வாளரின் பெயரில் அவர் குடும்பத்தார் தரும் உதவித்தொகை ஒன்றுக்கு விண்ணப்பிக்கலாமென்று இருக்கிறேன். ஏழை நாடுகளின் மனநலம் பற்றி ஆராய்ச்சி செய்யும் மாணவர்களுக்கானது. தொகை பெரிதில்லை. பஸ் செலவு, பேட்டி எடுப்பது, மொழிபெயர்ப்பவருக்குக் கொடுப்பது... அவ்வளவோடு தீர்ந்துவிடும். "இந்தக் காசுல என்னத்தடா கண்டுபிடிக்கப் போற?" என்றான் ரூம்மேட். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம், அதனால் இங்கே எழுதுகிறேன்.

விக்ரம் படேல் என்ற மனநல மருத்துவரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மும்பைக்காரர். ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டு போனவர். (அதுவும் இறந்தவர் பெயரிலான காசுதான். ஆப்பிரிக்க வைரத்தில் செசில் ரோட்ஸ் சம்பாதித்தது. அதைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும்.) அதே ரோட்ஸின் பெயரை ஒரு காலத்தில் சுமந்த ஜிம்பாப்வேக்கு 1990களில் படேல் ஆராய்ச்சிக்காகப் போனார். ஹராரேயில் யாரும் வந்து "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லவில்லை. ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்றார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். இப்படி மக்கள் பேசும் வார்த்தைகளைத் திரட்டி, பதினாலே கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை அவரும் கூட இருந்தவர்களும் உருவாக்கினார்கள். 1997-ல் வெளியானது. மருந்தும் இல்லை, மெஷினும் இல்லை. வெறும் கேள்வித்தாள்!

அதே நாட்டில் டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு இளம்பெண், ஆஸ்பத்திரிக்கு வர பஸ்ஸுக்குக் காசில்லாமல் தற்கொலை செய்துகொண்டாள். அதன்பின் 2006 வாக்கில் அவர் தொடங்கியதுதான் 'நட்பு பெஞ்ச்'. பதினாலு பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வாசலில் மரபெஞ்சில் உட்கார வைத்தார். முதலில் அதற்கு 'மனநல பெஞ்ச்' என்று பெயர். யாராவது உட்காருவார்களா? பெயரை மாற்றச் சொன்னதே பாட்டிகள்தான் :)

இது வேலை செய்கிறதா என்று ஹராரேயின் 24 கிளினிக்குகளில் 573 பேரை வைத்துச் சோதித்தார்கள். 2016-ல் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் ஏறக்குறைய 50 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களில் 14 சதவீதம்தான். இந்தச் சோதனையின் முக்கிய அளவுகோல் எது தெரியுமா? அந்தப் பழைய பதினாலு கேள்விகள். யாரோ ஒருத்தர் உட்கார்ந்து வார்த்தை பொறுக்கியிருக்காவிட்டால், பாட்டிகள் சாதித்ததை எந்தக் கோலால் அளந்திருப்பார்கள்?

எங்கள் சித்தி பல வருஷமாக "நெஞ்சு படபடங்குது, கை கால் ஓயுது, ஒண்ணும் பிடிக்கல" என்று டாக்டர் டாக்டராகப் போனார். எல்லோரும் சத்து மாத்திரை எழுதினார்கள். "மனசு எப்படி இருக்கு?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "நல்லாத்தான் இருக்கு" என்றுதான் சொல்லியிருப்பார். அவருக்குப் புரிகிற மாதிரி கேட்க வேண்டும்.

என் விண்ணப்பமும் இதைப் பற்றித்தான். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் இதற்கு என்ன சொல்கிறார்கள்? வகுப்பில் பார்க்கிறவர்கள் நேரில் சொல்லுங்கள், மற்றவர்கள் ஒரு வரி எழுதிப் போடுங்கள். எந்த ஊர் என்பதையும் சேர்த்து.