சாவைப் பேர் சொல்லாத இரு கவிதைகள்

கீட்ஸ் கவிதைகளில் சாவை நேராகவே கூப்பிடுவது நைட்டிங்கேல் பற்றியது. 1819 மே மாதத்தில் எழுதியது. தம்பி டாம் காசநோயில் இறந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பி.ஏ. வகுப்பில் எங்கள் எல்லோருக்கும் பிடித்த கவிதை. இருபது வயதில் சாவு ஒரு அழகான சொல்.

இப்போது நான் திரும்பத் திரும்பப் போவது, அதே வருஷம் செப்டம்பர் 19 அன்று வின்செஸ்டரில் எழுதப்பட்ட இலையுதிர்காலக் கவிதைக்கு. 33 வரிகள். 'நான்' என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. இறத்தல் என்ற வினை வருகிறது. ஆனால் பகலுக்கும் காற்றுக்கும்தான், மனிதனுக்கு அல்ல. அறுப்பு முடிந்த வயலின் தாள்மீது அந்தி வெளிச்சம். பூச்சிகள், ஆட்டுக்குட்டிகள், சில்வண்டு, ஒரு ராபின். கடைசியில் வானத்தில் தகைவிலான் குருவிகள் கூடுகின்றன. கீட்ஸ் மருத்துவம் படித்தவன். தம்பியின் படுக்கையருகே இருந்தவன். அடுத்து வருவது என்ன என்று அவனுக்குத் தெரியும். அதைச் சொல்ல அவன் அந்த வயலை உபயோகிக்கவில்லை.

வேர்ட்ஸ்வொர்த்தின் எட்டு வரிக் கவிதை ஒன்று, ஜெர்மனியில் கோஸ்லார் நகரில் அவன் கழித்த 1798–99 குளிர்காலத்தைச் சேர்ந்தது. லூசி கவிதைகளோடு சேர்த்துப் படிக்கிறோம். லூசி என்ற பெயர் அதில் இல்லை. முதல் பத்தியில் அவளை வயது தீண்டாது என்ற மயக்கம். இரண்டாவதில் அவள் அசைவற்றுப் போய், பாறைகளோடும் மரங்களோடும் பூமியின் சுழற்சியில் சேர்ந்துவிட்டாள். சாவு நடப்பது இரண்டு பத்திகளுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில். க்ளீந்த் ப்ரூக்ஸ் இதில் திகைப்பைக் கண்டார். பேட்ஸன் ஆறுதலைக் கண்டார். இருவரும் அந்த வெற்றிடத்தைச் சீக்கிரமாகவே தாண்டிவிடுவதாக எனக்குப் படுகிறது.

வங்கியில் இறந்தவர் கணக்குகளை முடிப்பது என் வேலைகளில் ஒன்று. அப்பாவின் கணக்கு வேறு கிளையில் இருந்ததால், அங்கே கௌண்டருக்கு இந்தப் பக்கம் நிற்க நேர்ந்தது. கணக்கு விவரத்தில் அவர் கடைசியாக எடுத்த இரண்டாயிரம் ரூபாய். அதற்குக் கீழே இரண்டு காலாண்டு வட்டி வரவு. நடுவில் ஒன்றும் இல்லை. அந்தக் கணக்குக்கு அவர் போனது தெரியாது. வட்டி தன்பாட்டுக்கு ஏறியிருந்தது. அதில் குரூரமும் இல்லை, கருணையும் இல்லை. எத்தனையோ பேருக்கு அச்சடித்துக் கொடுத்த அதே தாள்தான். அன்று அதை மடித்துப் பையில் வைக்கச் சற்று நேரம் பிடித்தது.

ரொமாண்டிக் கவிஞர்களுக்கு இயற்கை ஆறுதல் தருகிறது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பல கவிதைகளில் அது உண்மையும்கூட. இந்த இரண்டில் இல்லை. இவற்றில் பூமி சுற்றுகிறது, பழம் கனிகிறது, யாருக்காகவும் அல்ல. துக்கத்தில் இருப்பவனிடம் எதையும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத் தெரிந்த கவிதைகள் குறைவு. நைட்டிங்கேல் கவிதையில் பறவை போய்விடுகிறது, கவிஞன் தனியாக விடப்படுகிறான். 1821 பிப்ரவரியில், 25 வயதில், கீட்ஸ் ரோமில் இறந்தான். வின்செஸ்டர் கவிதையில் குருவிகள் இன்னும் கிளம்பவில்லை.